ஒவ்வாமை மருத்துவரிடம் முதல்முறை போகிறீர்களா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு விடியற்காலை பஸ்ஸில் மகளை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாகக் காலையில் கண் விழித்ததும் இருபது, முப்பது தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது. ஐப்பசி மழை தொடங்கினால் இரவில் இளைப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த முன்பதிவு அது.

எது ஒவ்வாது என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருள்களின் சாற்றை முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்த செவிலியர் முகம் மாறியது. "நேற்று இரவு ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டார். கொடுத்திருந்தேன். பஸ்ஸில் குழந்தை தும்மிக்கொண்டே வரக்கூடாதே என்று, வழக்கமான இரவு மாத்திரையைத் தவறாமல் கொடுத்திருந்தேன். நிறுத்த வேண்டும் என்று முன்பதிவு செய்தபோது யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அன்றைய பரிசோதனை செல்லாது என்றார்கள். வந்த வழியே மூன்று மணி நேரப் பஸ்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது மாத்திரையை முறையாக நிறுத்தியிருந்தேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. மருத்துவர் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் அந்த நோட்டைப் பத்து நிமிடம் படித்தார். படித்து முடித்தபோதே அவருக்கு விஷயம் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது. கையில் குத்திப் பார்த்தது அதைச் சரிபார்க்கத்தான்.

நான் மருத்துவர் இல்லை, தொடக்கப் பள்ளி ஆசிரியை. அந்த இரண்டு பயணங்களில் கற்றதையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். ஒவ்வாமை மருத்துவத்தில் நோயாளி கொண்டுவரும் விவரம்தான் முதன்மையான கருவி. அதைச் சரியாகத் தயார் செய்துகொண்டு போனால் ஒரே பயணத்தில் வேலை முடியும்.

யாரிடம் போவது

நம் ஊரில் ஒவ்வாமை என்று பெயர்ப்பலகை வைத்த தனித்துறை எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. மூக்கு, தும்மல் என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர். இளைப்பு என்றால் நுரையீரல் மருத்துவர். அரிப்பு, கரப்பான் என்றால் தோல் மருத்துவர். குழந்தை என்றால் குழந்தை மருத்துவர். இவர்களில் ஒவ்வாமைக்கெனக் கூடுதல் பயிற்சி பெற்றவரைத் தேட வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென ஒரு பட்டயப் படிப்பு உண்டு. சில மருத்துவர்களின் பெயருக்குப் பின்னால் டி.ஏ.ஏ. என்று பார்த்திருப்பீர்கள், அதுதான். உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் சரியான ஆளைக் காட்டுவார்.

முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையை அதே இடத்தில் செய்வார்களா? எந்த மாத்திரையை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும்? முதல் நாளே பரிசோதனை உண்டா, அல்லது பேசிப் பார்த்துவிட்டு வேறு நாள் தருவார்களா? பரிசோதனை நேரத்தில் மருத்துவர் உடன் இருப்பாரா, கடுமையான எதிர்வினை வந்தால் உயிர் காக்கப் போடும் அட்ரினலின் ஊசி கைவசம் இருக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். குத்திப் பார்க்கும் பரிசோதனையில் பெரிய எதிர்வினை வருவது மிக அரிது. ஆனாலும் அந்த அரிய நேரத்துக்குத் தயாராக இல்லாத இடத்தில் கையை நீட்டக்கூடாது.

முகம் வீங்கியது, தொண்டை அடைத்தது, மயங்கி விழுந்தது என்று முன்பு எப்போதாவது நடந்திருந்தால் அதை அந்த முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். அப்படி ஒரு கடுமையான எதிர்வினைக்குப் பிறகு சில வாரங்களுக்குத் தோல் சரியாகப் பதில் சொல்லாமல் போகலாம். அதனால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே குத்திப் பார்ப்பார்கள். மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மாத்திரை விஷயம்

நான் இடறிய இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

தோலில் குத்தும்போது ஒவ்வாத பொருளுக்கு எதிராக உடல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. கொசு கடித்தாற்போலத் தடிப்பு எழுவது அதனால்தான். நாம் தும்மலுக்கும் அரிப்புக்கும் விழுங்கும் மாத்திரைகள் அந்த ஹிஸ்டமினைத்தான் தடுக்கின்றன. மாத்திரை உடம்பில் இருக்கும்வரை, ஒவ்வாமை இருந்தாலும் தோல் வாய் திறக்காது.

பொதுவாக 5 முதல் 7 நாள் இடைவெளி கேட்பார்கள். உங்கள் மருத்துவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அதுதான் கணக்கு. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின், ஹைட்ராக்ஸிசின், குளோர்ஃபெனிரமின், அவில் மாத்திரையில் உள்ள ஃபெனிரமின் ஆகியவை எல்லாம் இந்த வகைதான். என் மகளுக்குக் கொடுத்துவந்தது மாண்டெலுகாஸ்ட்டும் லெவோசெட்டிரிசினும் சேர்ந்த மாத்திரை. நம் ஊரில் பல வீடுகளில் இருப்பது இது. மாண்டெலுகாஸ்ட் மட்டும் என்றால் பெரும்பாலும் பரிசோதனைக்குத் தடையில்லை; கூட ஒட்டிக்கொண்டிருக்கும் லெவோசெட்டிரிசின்தான் கெடுத்துவிடும்.

ஒளிந்திருக்கும் இடங்கள் இன்னும் சில உண்டு. மருந்துக்கடையில் சளிக்கென்று கேட்டு வாங்கும் மாத்திரை, இருமல் சிரப், சிலவகை மூக்கு ஸ்பிரே, பஸ்ஸில் வாந்தி வராமலிருக்கப் போட்டுக்கொள்ளும் மாத்திரை. கடைசியில் சொன்னதை வெளியூரிலிருந்து வருபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் நிறுத்தி வைத்துவிட்டு, பயணத்தன்று காலை வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் எல்லாம் வீண்.

இனி நிறுத்தக் கூடாதவை. இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை இருந்தால், அதற்கு முன் சில மணி நேரம் இன்ஹேலர் வேண்டாம் என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும் விடுங்கள். இளைப்பு வந்துவிட்டால் பரிசோதனையைப் பற்றி யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, இதய மாத்திரை எதையும் உங்கள் முடிவில் நிறுத்தாதீர்கள். ஆனால் பட்டியலில் எழுதிக் கொண்டுபோங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை, அவசர நேரத்தில் போடும் அட்ரினலினின் வேலையை மட்டுப்படுத்தக்கூடும் என்பதால் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் தோலின் பதிலை மாற்றும். அவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள், கசாயங்கள் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். உடம்பெல்லாம் காணாக்கடி எழுந்து இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். குறிப்பிட்ட பொருளுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை உண்டு. அதற்கு மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை.

நோட்டில் என்ன எழுதுவது

குறைந்தது மூன்று வாரம் எழுதுங்கள். செல்பேசியிலும் குறிக்கலாம், ஆனால் மருத்துவர் புரட்டிப் பார்க்க நோட்டுதான் வசதி. வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதுவார்கள் என்பது இன்னொரு நன்மை. எங்கள் வீட்டில் என் மாமியார் எழுதியவைதான் மிகத் துல்லியமாக இருந்தன, காலையில் முதலில் எழுந்திருப்பவர் அவர்.

ஒவ்வொரு முறை தொல்லை வரும்போதும் இவற்றைக் குறியுங்கள்: என்ன மணி, எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டோம், உடம்பில் முதலில் எங்கே தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மருந்து கொடுத்தோம், எப்போது அடங்கியது. இரண்டு மணி நேரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உணவால் உடனடியாக வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தின்ற நண்டுக்கும் செவ்வாய்க்கிழமை எழுந்த தடிப்புக்கும் உறவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக்கு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து வரும் ஒரு வகை உண்டு. அதனால் நேரத்தை மறக்காமல் எழுதுங்கள்.

வந்ததை எழுதுவதோடு, வராததையும் எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை. எங்களைக் காப்பாற்றியது இதுதான். எந்தெந்த உணவைத் தொல்லை எதுவும் இல்லாமல் சாப்பிடுகிறோம், எந்த இடத்தில் நன்றாக இருக்கிறோம், எந்த நாளில் தும்மவே இல்லை என்பதற்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள்.

என் நோட்டில் இருந்த ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் எட்டயபுரம் பக்கம் ஆச்சி வீட்டில் இருந்தாள். கரிசல் காட்டுப் புழுதி, ஆடு, மாடு, கோழி எல்லாம் உண்டு. திண்ணையில் கோரைப்பாயில்தான் படுக்கை. ஐந்து நாளும் காலையில் தும்மல் இல்லை. வீடு திரும்பி இலவம்பஞ்சு மெத்தையில் படுத்த மறுநாள் காலை இருபத்து மூன்று தும்மல் என்று மாமியார் எழுதியிருந்தார். மருத்துவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "தூசி என்று சொன்னீர்களே, தெருப் புழுதி இவளுக்கு ஒன்றும் செய்யவில்லை பாருங்கள்" என்றார். டஸ்ட் மைட் எனப்படும் தூசிப் பூச்சியைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டாத உயிர். மெத்தை, தலையணைக்குள் இருந்துகொண்டு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கிறது. ஈரக்காற்றில் பெருகும், கடலோர ஊர் அதற்குச் சொர்க்கம். கரிசல் காட்டு வறண்ட காற்றில், பாயில், அதற்கு வாழ்வு குறைவு. குத்திப் பார்த்தபோது எட்டு மில்லிமீட்டர் தடிப்பு எழுந்தது தூசிப் பூச்சிக்குத்தான்.

அதே பரிசோதனையில் இறாலுக்கும் ஒரு சின்னத் தடிப்பு எழுந்தது. நோட்டு இல்லையென்றால் அன்றோடு எங்கள் வீட்டில் இறாலுக்குத் தடை விழுந்திருக்கும். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை ஆயுள் முழுக்க இறாலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருப்பாள். ஆனால் ஞாயிறுதோறும் இறால் சாப்பிட்டாள் என்பதும், ஒன்றும் ஆகவில்லை என்பதும் நோட்டில் தேதியோடு இருந்தது. தூசிப் பூச்சியிலும் இறாலிலும் டிரோபோமயோசின் என்ற, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் புரதம் உண்டு. ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றதையும் அடையாளம் கண்டு தோலில் தடிப்புக் காட்டலாம். தோலில் தடிப்பு எழுவதும், சாப்பிட்டால் தொல்லை வருவதும் வேறு வேறு. "தொல்லையில்லாமல் சாப்பிடுகிறாள், சாப்பிடட்டும்" என்று மருத்துவர் சொன்னது அந்த நோட்டை நம்பித்தான்.

வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். மெத்தை என்ன வகை, எத்தனை ஆண்டுப் பழையது, சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா, நாய், பூனை, கரப்பான்பூச்சித் தொல்லை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, வீட்டில் புகைபிடிப்பவர், பக்கத்துக் காலிமனையில் பார்த்தீனியமோ சீமைக் கருவேலமோ மண்டிக் கிடக்கிறதா என்பதெல்லாம் வேண்டும். போகிப் புகையிலும் மிளகாய் தாளிக்கும் நெடியிலும் எல்லாருக்கும்தான் இருமல் வரும். அது எரிச்சல், ஒவ்வாமைக் கணக்கில் வராது. ஆஸ்துமா இருப்பவருக்கு அந்த எரிச்சலே இளைப்பைக் கிளப்பிவிடும் என்பதால் இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் வேலையிடத்தைப் பற்றியும் எழுதுங்கள். பேக்கரி மாவு, பஞ்சாலைத் தூசி, கோழிப்பண்ணை, சிமெண்ட், பெயின்ட், முடிச்சாயம், கையுறை எதுவாகவும் இருக்கலாம். விடுமுறை நாளில் தொல்லை குறைகிறதா, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா? இந்த ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய துப்பு.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது ஆஸ்துமா, கரப்பான், மூக்கு ஒவ்வாமை இருந்ததா என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். "சின்ன வயதில் உன் அப்பாவுக்கும் இளைப்பு இருந்தது" என்று என் மாமியார் பேத்தியிடம் சொன்னது, கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு எனக்குப் புதிய செய்தி.

மருந்தால் ஒவ்வாமை வந்தவர்கள் மருந்தின் பெயரைத் தேடிப் பிடிப்பதில்தான் முழு முயற்சியையும் போட வேண்டும். "ஏதோ ஆன்டிபயாட்டிக் ஊசி" என்று சொன்னால் மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது. பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் தாள், மருந்துக்கடை ரசீது ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள். எத்தனையாவது வேளையில், போட்ட எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதும் வேண்டும்.

படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காணாக்கடித் தடிப்பு மருத்துவர் முன்னால் போய் நிற்கும்போது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தோடு படம் எடுங்கள். காணாக்கடி என்றால் அந்த ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறைந்து வேறிடத்தில் எழும். ஒரே இடத்தில் அதற்கு மேல் நின்றால், வலித்தால், மறைந்த இடத்தில் கறுப்புத் தழும்பு விட்டால் மருத்துவர் வேறு கோணத்தில் யோசிப்பார். இரவு இளைப்பு வந்தால், மருந்து கொடுக்கும் வேலையை ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் அரை நிமிட வீடியோ எடுத்தால் போதும். அந்தச் சத்தம் மருத்துவருக்குப் பல செய்திகளைச் சொல்லும்.

போவதற்கு முன் செய்யக்கூடாதவை

உணவை நீங்களாகக் குறைக்காதீர்கள். நம் வீடுகளில் கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியல் உண்டு. பெரியவர்கள் கண்டு சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. கத்தரிக்காய்க்கு உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் முழுவதும் எல்லாருக்கும் பொருந்தாது. வளரும் குழந்தைக்குப் பால், முட்டை, மீன், கடலை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, மெலிந்த பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தும் தாய்மார்களை வரவேற்பறையில் பார்த்திருக்கிறேன். மனம் கனத்துப்போகும். கரப்பான் உள்ள குழந்தைக்கு, அதுவரை தாங்கிவந்த உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது கடுமையான ஒவ்வாமை வரும் ஆபத்தும் உண்டு. சாப்பிட்டவுடன் வாய் வீங்கியது, இளைத்தது என்று தெளிவாகத் தெரிந்த பொருளை மட்டும் நிறுத்துங்கள். அதை வீட்டில் மறுபடி கொடுத்துச் சோதிக்கவும் வேண்டாம்.

வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்து நூற்றுக்கணக்கான பொருள்களுக்குப் பார்த்துத் தரும் சோதனைகளுக்கு, மருத்துவரைப் பார்க்கும் முன்பே பணம் கட்டாதீர்கள். விவரம் கேட்காமல் நூறு பொருளுக்குப் பார்த்தால், இறாலுக்கு எழுந்ததுபோல் பொருளற்ற பாசிட்டிவ் ஏதாவது வரத்தான் செய்யும். அவற்றில் சில ஐ.ஜி.ஜி. என்ற வேறு எதிர்ப்பொருளை அளப்பவை. ஒரு உணவை வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கு அது இருப்பது இயல்பே. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகம் 2008-லேயே சொல்லிவிட்டது. மொத்த ஐ.ஜி.ஈ. அளவு அதிகம் என்று ஒரு தாளைப் பார்த்தும் பயப்படாதீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தாலும் அது ஏறும்.

ஆறு வாரத்துக்கு மேலாகத் தினமும் காணாக்கடி எழுகிறது என்பவர்கள் ஒரு விஷயத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். அந்த வகைக்குப் பெரும்பாலும் உணவு காரணமில்லை. குத்திப் பார்க்காமலேயே மருத்துவர் மருந்து எழுதினால் அவர் அலட்சியம் செய்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

பரிசோதனை நாள்

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. குழந்தைக்கு இரண்டு இட்லியாவது கொடுத்து அழைத்துப் போங்கள். முழங்கைக்கு மேல் எளிதாக ஏறும் சட்டை போடுங்கள். அன்று காலை கையில் எண்ணெய், பவுடர், கிரீம் வேண்டாம். அதற்கு முந்தைய வாரம் வீட்டில் கல்யாணம் என்றால் முன்கையில் மருதாணி போட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது. சிவப்பைப் படிக்க முடியாது. காய்ச்சலோ இளைப்போ இருந்தால் கிளம்பும் முன் தொலைபேசியில் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் சொல்லுங்கள், பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

குழந்தையிடம் வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். எறும்பு கடித்தாற்போல் இருக்கும், பிறகு அரிக்கும், கால் மணி நேரம் சொறியக்கூடாது என்று முன்னாலேயே சொன்னால் பிள்ளைகள் ஒத்துழைக்கிறார்கள். என் மகள் எந்த எண்ணுக்கு எவ்வளவு தடிப்பு என்று தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்கையில் பேனாவால் எண்கள் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு சொட்டு வைத்து, அதன் வழியாகத் தோலின் மேல்பரப்பை மட்டும் நுனியால் குத்துவார்கள். இரத்தம் வராது. ஒரு சொட்டு வெறும் உப்புநீர், அதற்குத் தடிப்பு எழக்கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அதற்கு எழுந்தே ஆக வேண்டும். முதல் பயணத்தில் எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்த ஹிஸ்டமின் சொட்டுதான், எழவே இல்லை. 15 முதல் 20 நிமிடத்தில் அளப்பார்கள். உப்புநீர்ச் சொட்டைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக எழுந்தால் பாசிட்டிவ் என்பது பொது வழக்கம்.

முடிச்சாயம், ஸ்டிக்கர் பொட்டு, கவரிங் நகை, சிமெண்ட் பட்ட இடத்தில் தோல் வெடித்து அரிக்கிறது என்றால் செய்யும் சோதனையே வேறு. முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். பிறகு ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. சித்திரை வெயிலில் அது பெரும்பாடு. மார்கழி, தை மாதத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று முறை போக வேண்டியிருக்கும் என்பதால் விடுப்பையும் தங்கும் இடத்தையும் முன்பே பாருங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். பாசிட்டிவ் என்று வந்தவற்றில் எது எங்கள் தொல்லையோடு பொருந்துகிறது? எதை விலக்க வேண்டும், எதை விலக்கத் தேவையில்லை? மெத்தை, தலையணைக்கு என்ன செய்வது? (எங்களுக்கு உறை மாற்றச் சொன்னார்கள்; விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைக்கச் சொன்னார்கள்.) அடுத்து எப்போது வர வேண்டும்?

ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாக ஊசியாகவோ நாக்கின் அடியில் சொட்டாகவோ கொடுத்து உடலைப் பழக்கும் இம்யூனோதெரபி பற்றிப் பேச்சு வரலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டு நீளும் சிகிச்சை அது. ஊசி என்றால் ஒவ்வொரு முறையும் போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை மாதத்தில் பலன் எதிர்பார்க்கலாம், மொத்தச் செலவு என்ன, இடையில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள். முதல் நாளே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

உணவு, மருந்து, தேனீக் கொட்டு இவற்றால் ஒருமுறையாவது மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தவர் என்றால், அடுத்த முறை வந்தால் என்ன செய்வது என்று எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அவில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. வெளிநாடுகளில் நோயாளியே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு மாற்றாக என்ன ஏற்பாடு செய்யலாம், எவ்வளவு மருந்து, யார் போடுவது என்று மருத்துவர் சொல்ல வேண்டும், வீட்டில் இருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். 108-ஐ அழைப்பது எந்த நிலையிலும் தள்ளிப்போடக் கூடாத வேலை. ஒவ்வாத மருந்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை என்றால் வகுப்பாசிரியரிடமும் ஒன்று கொடுங்கள். என் வகுப்பில் அப்படி இரண்டு பிள்ளைகளின் அட்டைகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

பரிசோதனைத் தாளைக் கையோடு வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய மாத்திரையை எப்போது மறுபடி தொடங்கலாம் என்றும் கேட்டுவிடுங்கள். எங்களிடம் அன்றே கொடுக்கலாம் என்றார்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன்பே கொடுத்துவிட்டேன். ஏழு நாள் தும்மிக் களைத்திருந்த பிள்ளை, அருப்புக்கோட்டை வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள்.